மரக்கலத்தின் மேற்பூச்சு: எண்ணெயும் வண்ணமும் வார்னிஷும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். உத்திரமேரூர் வட்டாரத்து இச்சிற்றூரின் பெயரைச் சொன்னதும் கல்வெட்டாய்வாளர்தம் நினைவுக்கு வருவது, வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் அங்கே இயங்கிய ஆதுலசாலைதான். 15 நோயாளர் படுத்திருந்து மருத்துவம் பெற அங்கே வசதி இருந்தது. மருத்துவர், பணியாளர், அவர்தம் ஊதியம், ஆண்டுக்கு வேண்டிய மருந்துகள் என அனைத்தும் கோயிற் சுவரில் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அம்மருந்துகளுள் ஆமணக்கெண்ணெய் சார்ந்ததும் ஒன்று. நாம் ஈண்டு எழுதப் புகுந்தது மருத்துவத்தைப் பற்றியன்று, மரப்படகைப் பற்றி. எனினும் எண்ணெயிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

அந்துலூசியாவிலிருந்து ஹஜ் பயணம் புறப்பட்ட இப்னு ஜுபைர், ஹிஜ்ரி 579இல் (கி.பி. 1183) செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஐதாபு துறைமுகத்தை அடைந்தார். ஹாஜிகளை ஜித்தாவுக்கு ஏற்றிச் செல்லும் படகுகளை அவர் கூர்ந்து நோக்கிப் பதிவு செய்துள்ளார். அப்படகுகளில் ஓர் இரும்பாணிகூட இல்லை. தென்னை நாரால் திரித்த கயிற்றைக் கொண்டு பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் சென்றவை. தைத்து முடித்தபின் அவற்றின்மீது நெய்யையோ ஆமணக்கெண்ணெயையோ சுறா எண்ணெயையோ பூசினர். மூன்றனுள் சுறா எண்ணெயே சிறந்தது என்பது அவர் கேட்டறிந்த செய்தி. பவளப்பாறைகள் மலிந்த அக்கடலில் மரம் விறைத்து நின்றால் மோதி உடையும். நெகிழ்ந்து கொடுத்தால் பிழைக்கும். எனவே பலகையை நெகிழ்வாக வைத்திருப்பதே அப்பூச்சின் நோக்கம் என்றும் அவர் காரணம் காட்டுகிறார். அவருக்கு இரண்டு நூற்றாண்டுகள் முன்னரே, ஸீராஃப் நகரத்து அபூ ஸைத், திமிங்கிலக் கொழுப்பைப் பிற பொருள்களுடன் கலந்து கப்பலின் பலகை இடுக்குகளை அடைத்த வழக்கத்தைக் குறித்துவைத்தார்.

சுறா எண்ணெய் ஏன் ஆமணக்கெண்ணெயினும் சிறந்தது? அக்காலத்து மாலுமிக்கு அனுபவமாக மட்டும் தெரிந்திருந்த இவ்வேறுபாட்டுக்கு இன்று வேதியியல் விடை தருகிறது. இன்றைய வண்ணக் கடையில் நின்று டப்பாவைத் தேர்ந்தெடுக்கும் படகுடையவருக்கும் அதே விடைதான் முதற்படி.

திருமுக்கூடலில் பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கிறது. ஆற்றைக் கடக்கப் பாலம் உண்டு. ஓடத்துக்கு அன்றாடத் தேவையில்லை. ஆனால் 2021 நவம்பரில் கண்டதைப் போன்று வெள்ளம் பெருகும்போது கரையோர ஊர்கள் படகைத் தேடுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியபின் உள்நாட்டு மீன்பிடிப்புக்கும் சிறு படகுகள் வேண்டியிருக்கின்றன. இவ்வட்டாரத்துக்கு நீர்நிலைப் பராமரிப்பு புதியதன்று. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை விளக்குகின்றன. ஏரியில் ஓடம் விட்டுத் தூர் வாரிய செய்தி தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றில் உண்டு. ஓடம் விட்டவர்கள் அதனைப் பேணவும் செய்திருப்பர்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர்த் தமிழகக் கடற்கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, சிறு மரப்படகுகளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. எனினும் பாக்கு நீரிணையின் விசைப்படகுகளில் மரத்தாலானவை பல. தூத்துக்குடித் தோணிகளும் மரமே. மரக்கலத்தோடு நம் முன்னோர்க்கு இருந்த உறவைச் சொல்ல வேண்டியதில்லை. மரைக்காயர் என்ற பெயரையே மரக்கலத்திலிருந்து வந்ததாகக் கொள்வோர் உளர். அரபியின் மர்கப் என்ற சொல்லோடு இணைப்போரும் உளர். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை முகம் பார்க்கும் கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்று வழங்கும் மரபுக் கதையும், கப்பலின் நீர்க்கசிவு இச்சமூகத்தின் உள்ளத்தில் எத்துணை ஆழ்ந்த அச்சமாக இருந்தது என்பதையே காட்டுகிறது. இன்று அக்கலையில் வல்ல கைகள் அருகிவருகின்றன. வண்ணக் கடையில் கிடைக்கும் அறிவுரையோ பெரும்பாலும் வீட்டுக் கதவுக்கும் சன்னலுக்கும் உரியது.

மரத்தின் பகைவர் யாவர்?

உப்பு நீரே மரத்தை அழிக்கிறது, நன்னீர் தீங்கற்றது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை ஏறத்தாழ இதற்கு நேர்மாறு. மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளர்வதில்லை. ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு வரையில் மரத்தின் நார்கள் நீரால் நிறைவடைகின்றன; அதற்கு மேலும் ஈரம் தங்கி, காற்றும் கிடைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். உப்பு பூஞ்சையைத் தடுக்கும் இயல்புடையது. ஆகவேதான் பழங்காலக் கப்பற்காரர் சிலர் படகின் உட்புறத்தில் வேண்டுமென்றே உப்பைத் தூவிவைத்தனர். ஏரிப் படகுக்கு உப்பின் துணை இல்லை. அதன் உட்புறத்தில் தேங்கும் மழைநீரே அதற்குப் பெரும்பகை. முழுதும் மூழ்கிக் கிடக்கும் மரமும் காற்றின்மையால் உளுப்பதில்லை. நீர்மட்டத்தை ஒட்டி நனைந்தும் காய்ந்தும் மாறும் பகுதியும், மழைநீர் இறங்கும் மூட்டுகளுமே முதலில் போகின்றன.

கடற்படகுக்கு வேறொரு பகைவன் உண்டு: கப்பற்புழு. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசி முனையளவான துளையிட்டு இளம்பருவத்திலேயே நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைத் தேனடை போல் ஆக்கிவிடும். வெளியே பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. உப்பு குறைந்த நீரில் அது வாழாது. எனவே திருமுக்கூடலில் நிற்கும் படகுக்கும், அதே பாலாறு கடலில் கலக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கு அண்மையில் நிற்கும் படகுக்கும் ஒரே பூச்சைப் பரிந்துரைப்பவரின் சொல்லை ஏற்க வேண்டியதில்லை.

இதனோடு மரத்தின் இயல்பையும் கருத வேண்டும். ஈரம் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் புறக்கணிக்கத்தக்கது. குறுக்குவாட்டிலோ கண்ணுக்குத் தெரியுமளவுக்கு நிகழ்கிறது. பலகை நாள்தோறும் அசைகிறது என்றே கொள்ளலாம். அதன்மேல் பூசப்படுவதும் கூடவே அசைய வேண்டும். கண்ணாடி போல் இறுகிய பூச்சு சில மாதங்களில் மயிரிழையாக வெடிக்கும். வெடிப்பின்வழி நீர் உள்ளே செல்லும். ஆனால் படலம் அதனை வெளியேற விடாது. பூச்சே இல்லாத மரம் நனைந்தாலும் காய்ந்துவிடுகிறது. வெடித்த பூச்சுக்குள் அகப்பட்ட மரம் காய்வதேயில்லை.

உத்திரமேரூருக்கு அண்மையில் ஏரிக்கரையொன்றில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த படகொன்றை நாம் பார்த்ததுண்டு. நீல எனாமல் பளபளவென்று மின்னியது. அணியத்தின் அடியில், பலகைகளின் வெட்டுமுனை சேருமிடத்தில், பேனாக்கத்தியை வைத்து அழுத்தியபோது அது வெண்ணெயில் இறங்குவது போல் ஓரங்குலம் இறங்கியது. அப்படகின் உரிமையாளர் ஆண்டுதோறும் தவறாது வண்ணம் பூசிவந்தவர். பழைய பூச்சைச் சுரண்டாமல், மரம் காய்ந்ததா என்று பாராமல், மேலுக்கு மேல் பூசியவர். அடுத்த வெள்ளத்தில் அப்படகை நம்பி ஏறக்கூடியவர்களை எண்ணிப் பார்த்தால், இது அழகு பற்றிய பேச்சன்று என்பது விளங்கும்.

படலமும் ஊடுருவலும்

மேற்பூச்சுகளை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். இவ்வேறுபாடு நம் வாசகர்க்குப் புதியதன்று. உளூவின் சட்டம் அறிந்தவர் அனைவரும் அறிந்ததே. கையில் எண்ணெய் தடவியிருந்தால் உளூவுக்குத் தடையில்லை. வண்ணப்பூச்சு ஒட்டியிருந்தால் அதனை நீக்கினாலன்றி உளூ நிறைவேறாது. முன்னது தோலின்மீது தனிப் படலமாக நிற்பதில்லை. பின்னது நிற்கிறது, நீரைத் தடுக்கிறது. வண்ணம் பூசும் தொழிலாளர் தொழுகைக்கு முன்னர் மண்ணெண்ணெய் கொண்டு விரல்களைத் தேய்ப்பதைப் பள்ளிவாசல்களில் காணலாம். மரத்துக்கும் இதுவே கணக்கு. எண்ணெய் மரத்துள் ஊறும், நீரை ஓரளவே தடுக்கும், வெடிக்காது, உரியாது, அடிக்கடி பூச வேண்டும். வண்ணமும் வார்னிஷும் மரத்தின்மேல் படலமாக நிற்கும், நன்கு தடுக்கும், ஆனால் படலம் கிழிந்தால் கேடு. அரபியில் எண்ணெயைக் குறிக்கும் துஹ்ன் என்ற சொல்லும் பூச்சைக் குறிக்கும் திஹான் என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய வண்ணம் என்பது நிறமி கலந்த எண்ணெயே ஆகும்.

எல்லா எண்ணெயும் மரத்துக்கு ஒன்றல்ல. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று இறுகித் தோலாக மாறும் எண்ணெய்களும் உண்டு; எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும் எண்ணெய்களும் உண்டு. இவ்வியல்பை அளக்க வேதியியலார் அயோடின் எண்ணைப் பயன்படுத்துகின்றனர். ஆளிவிதை எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 170 முதல் 200 வரை. எனவே அது காய்ந்து இறுகும். மத்தி போன்ற மீன்களின் எண்ணெய்க்கும் அது உயர்வாகவே உள்ளது. நல்லெண்ணெய் 103 முதல் 120 வரை நின்று, பாதி காயும் இனமாகிறது. ஆமணக்கெண்ணெய்க்கு 80 முதல் 90 வரை. தேங்காயெண்ணெய்க்கோ பத்தை ஒட்டியே. இவ்விரண்டும் தாமே காய்வதில்லை. மீனெண்ணெய்கள் மெல்ல இறுகி மரத்தோடு நிற்பவை. ஆமணக்கெண்ணெயோ ஈரமாகவே இருந்து தேய்ந்து போகும். ஐதாபு மாலுமிகளின் தரவரிசைக்கு இது பொருத்தமான விளக்கமாகும். ஆதுலசாலைக்கு உகந்த எண்ணெய் ஓடத்துக்கு உகந்ததாக இருக்க வேண்டுமென்பதில்லை.

ஆயினும் காயாத எண்ணெயையும் நம்மவர் வீணாக்கவில்லை. அதனோடு சுண்ணாம்பைக் குழைத்தனர். எண்ணெயின் கொழுப்பமிலங்கள் சுண்ணாம்போடு கூடிக் கால்சியம் சோப்பாக மாறுகின்றன. அது நாம் குளிக்கப் பயன்படுத்தும் சோப்பைப் போல நீரில் கரைவதில்லை. சீனத்துக் கப்பல்களில் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் மரத்தெண்ணெயையும் இடித்துக் குழைத்துப் பூசியதை மார்க்கோ போலோ வியந்து எழுதினார். குங்கிலியத்தைக் காய்ச்சி எண்ணெயோடு கலந்து பலகை இடுக்கில் ஊற்றுவதும், புன்னை எண்ணெயையும் முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயையும் மரத்துக்குத் தடவுவதும் நம் கரைகளில் நெடுநாள் வழக்கம். இவற்றுள் முந்திரித்தோட்டெண்ணெய் தனிக் கவனத்துக்குரியது. பூஞ்சையும் பூச்சியும் அஞ்சும் காரப்பொருள் அதில் இருக்கிறது. அதே காரம் மனிதத் தோலையும் கொப்புளிக்கச் செய்யும். கையுறையின்றித் தொடலாகாது.

பலகை இடுக்கில் பஞ்சை அடைத்துப் பசையிடும் தொழிலுக்குக் கலப்பற்று என்று பெயர். அரபியின் கல்ஃபத்த, துருக்கியின் கலஃபாத், போர்த்துக்கீசியரின் கலஃபேத்தார் ஆகியவற்றோடு இச்சொல்லை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது எதிலிருந்து பிறந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. சொல் துறைமுகம் துறைமுகமாகப் பயணம் செய்திருக்கிறது என்பது மட்டும் வெளிப்படை. இவ்விடத்தில் இன்றைய படகுடையோர் பலர் செய்வதைத் தடுத்துச் சொல்ல விரும்புகிறோம். கோடையில் படகு கரையில் காய்ந்து இடுக்குகள் விரியும்போது, கடையில் கிடைக்கும் இறுகும் எபாக்சிப் பசையை அவற்றில் திணித்துவிடுகின்றனர். படகு மீண்டும் நீரில் இறங்கியதும் பலகைகள் ஊறி விரிகின்றன. இடம் கொடுக்காத பசை நடுவே நின்றால் பலகையின் விளிம்பு நொறுங்கும். அல்லது உட்சட்டத்தின் ஆணிகள் தளரும். இடுக்கில் இருக்க வேண்டியது பஞ்சும், பல்லாண்டு மென்மையாகவே இருக்கும் லப்பமும்தான். சிறு இடுக்குகளை நீரே மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுப் பார்த்தபின் எஞ்சுவதை மட்டும் கவனித்தால் போதும்.

எந்த வண்ணம்?

வண்ணத்தில் நிறமி, பிணைப்பான், கரைப்பான் என மூன்று கூறுகள் உண்டு. கடைக்காரர் நம்மிடம் நிறத்தைக் கேட்பார். நாம் அவரிடம் கேட்க வேண்டியது பிணைப்பானை.

பலகை பலகையாக இணைத்துக் கட்டிய ஏரிப் படகுக்கு நம் தேர்வு, எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட சாதாரண ஆல்கைட் எனாமல்தான். கடைகளில் சிந்தெடிக் எனாமல் என்று விற்கப்படுவது அதுவே. அது ஓரளவு நெகிழும், எளிதில் சுரண்டலாம், பழையதன்மேல் புதியது ஒட்டும், எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் பாலியுரேத்தேன் இதனினும் பன்மடங்கு கடினமானது, பளபளப்பானது. ஒட்டுப்பலகையாலோ ஒரே மரத்தைக் குடைந்தோ செய்த அசையாத உடலுக்கு அது பொருந்தும். பலகைப் படகில் ஒவ்வோர் இடுக்கின்மீதும் வெடிக்கும். மேலும் அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டு மூச்சுக்குழலுக்குத் தீங்கானது. தெளித்துப் பூசுவது சிற்றூர்க் கொட்டகையில் செய்யத்தக்க வேலையன்று. எபாக்சிப் பூச்சு நீரைத் தடுப்பதில் மிகச் சிறந்தது. ஆனால் வெயிலில் சுண்ணாம்பாகப் பொரிந்துவிடும். அதன்மேல் வேறொரு பூச்சு இன்றியமையாதது. விலை கூடியதே மேலானது என்ற எண்ணம் மரப்படகில் பலிப்பதில்லை.

நீர் அடிப்படையிலான அக்ரிலிக் பூச்சுகளைச் சிலர் கேட்கின்றனர். நீர்மட்டத்துக்கு மேலே, உட்புறத்துச் சட்டங்களில் அவை பயன்படலாம். ஈர ஆவியை ஓரளவு வெளியேற விடுவது அவற்றின் நற்பண்பு. இடையறாது நீரில் நிற்கும் அடிப்புறத்துக்கு அவை ஆகா.

தாரைப் பற்றியும் ஒரு சொல். அடிப்புறத்துக்குத் தார் பூசுவது மலிவான பழைய வழி. நிலக்கரித் தாரில் புற்றுநோய் விளைக்கும் பொருள்கள் இருப்பதை இன்று அறிவோம். வேறொரு தொல்லையும் உண்டு: ஒருமுறை தார் பூசிய மரத்தில் பின்னர் எந்த வண்ணம் பூசினாலும் தார் ஊடுருவிப் பழுப்பாகக் கசியும், ஒட்டவும் ஒட்டாது. தாரைத் தேர்ந்தெடுத்தவர் வாழ்நாள் முழுதும் தாரிலேயே நிற்க வேண்டும்.

எனாமலுக்கு முன்னர் மரத்துக்குரிய ப்ரைமர் ஒரு பூச்சாவது வேண்டும். அலுமினியத் துகள் கலந்த ப்ரைமர் ஈரத்தைத் தடுப்பதில் சாதாரண ப்ரைமரினும் மேலானது. துகள்கள் மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரின் வழியை நீட்டிவிடுகின்றன. பலகையின் வெட்டுமுனைகள் பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சுவன. ஆதலின் அங்கே மட்டும் மூன்று நான்கு முறை, உறிஞ்சுவது நிற்கும்வரை பூச வேண்டும். தேக்கு மரம் தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசை உடையது. அதன்மீது பூசுமுன் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே பூசினால்தான் பூச்சு பிடிக்கும். வேம்பு, மா, வாகை போன்றவற்றுக்கு அத்தொல்லை இல்லை. ஆனால் அவற்றுள் மா தேக்கைப் போலத் தாங்காது, விரைவில் உளுக்கும். உட்புறத்தில் பூஞ்சையைத் தடுக்க வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரைக் காய்ந்த மரத்தில் ஊறவிடுவது மலிவானதும் பயனுள்ளதுமான முறை. அது நீரில் கரைந்து போகும் தன்மையது. ஆகவே மேலே பூச்சு இருந்தால்தான் நிலைக்கும். பழைய மீன்பிடிகலங்களின் மரத்தைக் காப்பது குறித்துக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலமாக ஆய்ந்துவருகிறது. பதப்படுத்திய ரப்பர் மரத்தில் வள்ளம் கட்டலாம் என்று காட்டியதும் அந்நிறுவனமே.

வார்னிஷ் என்னும் ஆடம்பரம்

வார்னிஷ் என்ற சொல்லை, இன்று லிபியாவின் பெங்காஸி நகரமாக விளங்கும் பண்டைய பெரனீக்கேயோடு சொல்லாராய்ச்சியாளர் பலர் இணைக்கின்றனர். அங்கிருந்து பிசின் ஏற்றுமதியானதாம். பிசினை எண்ணெயில் காய்ச்சிக் கரைத்ததே பழைய வார்னிஷ். அதில் நிறமி இல்லை என்பதே அதன் அழகுக்கும் பலவீனத்துக்கும் காரணம். வண்ணத்திலுள்ள நிறமி சூரியனின் புறஊதாக் கதிரை மறித்து மரத்துக்குக் குடை பிடிக்கிறது. வார்னிஷோ கதிரை ஊடுருவ விடுகிறது. கதிர் மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினைச் சிதைக்கிறது. படலம் நன்றாக இருக்கும்போதே அதற்கு அடியிலுள்ள மரம் பொடிந்து, படலம் தோலாக உரிகிறது. காஞ்சி வட்டாரத்து வெயிலில் வார்னிஷ் பூசிய வெளிப்பரப்பு ஒவ்வோராண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். தவறினால் அடிமரம்வரை சுரண்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே படகின் உடலுக்கு வார்னிஷ் வேண்டாம் என்பதே நம் துணிபு. துடுப்பு, பாய்மரம், கைப்பிடி ஆகியவற்றுக்கு அது பொருந்தும். அவற்றில் விரிசலையும் உளுப்பையும் உடனே கண்ணால் காண முடிவது ஒரு பாதுகாப்பு. துடுப்பு ஒடிவதற்கு முன்னர் அதன் கறுத்த கோடு தெரியும். அதற்குரியது எண்ணெய் மிகுந்த ஸ்பார் வார்னிஷ். சீனத்து துங் மரத்தின் எண்ணெயும் ஃபீனாலிக் பிசினும் சேர்ந்த வகை நீரை நன்கு தாங்கும். புறஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்பட்டதா என்று டப்பாவில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதற்பூச்சைப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து மெல்லியதாக ஊறவிட்டு, பின்னர் ஐந்து முதல் ஏழு பூச்சுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே நுண்ணிய உப்புத்தாளால் தேய்ப்பு. இரண்டு பூச்சோடு நிறுத்துபவர் பூசாமலே இருந்திருக்கலாம்.

தச்சர் பலர் படகுக்கும் நாற்காலிக்கும் வேறுபாடு பாராமல் ஃபிரெஞ்சு பாலிஷையும் என்.சி. லாக்கரையும் கையில் எடுக்கின்றனர். ஃபிரெஞ்சு பாலிஷ் என்பது அவலரக்கை ஆல்கஹாலில் கரைத்தது. நீர் பட்டால் வெளுத்துப் பூக்கும். லாக்கர் வீட்டினுள் இருக்கும் அலமாரிக்கு உரியது. வெளியில் ஒரு பருவம் தாங்காது. கோபால் வார்னிஷும் அவ்வாறே உட்புறத்துக்கு உரியது.

நீரில் கலக்கும் நஞ்சு

கடற்படகின் அடிப்புறத்தில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலும் கப்பற்புழு துளைக்காமலும் இருக்கத் தாமிர ஆக்சைடு கலந்த பூச்சு பூசுவர். தாமிரம் மெல்ல மெல்ல நீரில் கசிந்து ஒட்ட வருவனவற்றைக் கொல்வதே அதன் செயல்முறை. கடலில் அதற்குத் தேவை உண்டு. மாற்று எளிதில் இல்லை. இதனினும் கொடிய டிரைபியூட்டில் டின் கலந்த பூச்சுகள் சிப்பி, நத்தை இனங்களை உருக்குலைத்தமையால், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் நிறைவேற்றிய உடன்படிக்கை அவற்றைத் தடைசெய்தது. 2008 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சைபியூட்ரைன் என்ற மற்றொரு நஞ்சும் 2023 முதல் அதே தடைக்குள் வந்தது.

ஏரியில் கப்பற்புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. அங்கே தாமிரப் பூச்சு பூசுவது பகைவனில்லாத இடத்தில் நஞ்சு தூவுவதாகும். அந்நீரில் மீன் வளர்கிறது, கால்நடை குடிக்கிறது. பாசி பிடித்தால் ஆண்டுக்கு இருமுறை கரையேற்றித் தேங்காய் நார் கொண்டு தேய்த்தால் போதும்.

ஈயத்தின் கதை இன்னும் நுட்பமானது. ஈயச் செந்தூரம் கலந்த செந்நிற ப்ரைமர் படகுக்கும் இரும்புக்கும் சிறந்தது என்ற நம்பிக்கை நூறாண்டுக்கும் மேற்பட்டது. தொழில்நுட்ப வகையில் அது பொய்யுமன்று. ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்குகிறது; அதற்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றும் கண்டறியப்படவில்லை. வீட்டு வண்ணங்களிலும் அலங்கார வண்ணங்களிலும் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதிகள் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகள் தொழிற்சாலை வகைப் பூச்சுகளுக்கு உரியன அல்ல. படகுக்கென்று விற்கப்படும் டப்பா அவ்வரம்புக்குள் வருமென்று எண்ணிவிட முடியாது. ஈயமில்லை என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். நம் ஃபிக்ஹு நூல்கள் நீரின் மாற்றத்தை நிறம், மணம், சுவை என்ற மூன்றால் அறியச் சொல்கின்றன. கரைந்த ஈயம் இம்மூன்றிலும் பிடிபடுவதில்லை என்பதை ஏரிக்கரையில் வாழ்வோர் சிந்திக்க வேண்டும். பழைய படகின் வண்ணத்தைச் சுரண்டும்போது உலர்ந்த தூளைப் பறக்க விடாமல், ஈரப்படுத்தி, அடியில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டுவதும், சுரண்டிய கழிவை நீரிலோ அடுப்பிலோ போடாமலிருப்பதும் இதனால்தான். பிள்ளைகளை அருகில் விடலாகாது.

பருவமும் அளவும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, ஜனவரியில் காலைப்பனி. ஏரி நீர் வற்றத் தொடங்கும் மாசி, பங்குனியில் படகைக் கரையேற்றி, மர நிழலிலோ கொட்டகையிலோ இரண்டு மூன்று வாரம் காயவிடுவது நன்று. நேர்வெயிலில் கிடத்தினால் பலகை வெடிக்கும். மரம் காய்ந்ததா என்பதை அறிய எளிய வழி உண்டு. பாலித்தீன் தாளொன்றை மரத்தின்மீது வைத்து விளிம்புகளை ஒட்டி ஓரிரவு விட்டுப் பார்த்தால், தாளின் உட்புறத்தில் வியர்த்திருக்குமாயின் இன்னும் ஈரம் உண்டு. பூசும் வேலையைத் தள்ளிவைக்க வேண்டும். கத்திமுனையால் அணியம், கடையால், மூட்டுகள் ஆகியவற்றைக் குத்திப் பார்ப்பதும் இப்போதுதான். உளுத்த பலகையை வண்ணம் திருத்தாது. மாற்றியே ஆக வேண்டும்.

பூசுவதற்கு உகந்த நேரம் பனி உலர்ந்த காலை எட்டு மணிக்கு மேல், வெயில் ஏறும் முன்னர். நண்பகலில் சுடும் பலகையில் பூசினால் மேற்பரப்பு உடனே தோல்கட்டி, உள்ளே கரைப்பான் அகப்பட்டுக் கொப்புளமிடும். மாலையில் பூசினால் இரவுப் பனி பட்டுப் பளபளப்பு மங்கும்.

18 அடி, அதாவது ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளமுள்ள படகின் வெளிப்பரப்பைக் கணக்கிட, நடுவில் ஒரு விளிம்பிலிருந்து அடிவழியாக மறுவிளிம்பு வரை நூல் பிடித்து அளந்து, அதனை நீளத்தால் பெருக்கி, இரு முனைகளும் குறுகுவதற்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம். நூலளவு 2.2 மீட்டராயின் பரப்பு பத்துச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறையும். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சுக்கு எட்டு முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் வரை பரவும். ஆகவே வெளிப்புறத்துக்கு ஒரு லிட்டர் ப்ரைமரும் மூன்று பூச்சுக்கு மூன்று லிட்டர் எனாமலும் போதும். உட்புறத்துக்கு அத்தனை தேவையில்லை. அங்கே மூடி அடைக்காமல், எண்ணெயோ மெல்லிய ஒரு பூச்சோ இட்டு, மரம் உட்பக்கமாக மூச்சுவிட வழி வைப்பதே மேல். நீர்மட்டக் கோட்டுக்கு ஒரு சாண் மேலும் ஒரு சாண் கீழுமாக ஒரு பூச்சு கூடுதலாகத் தர வேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பின்னர் ஒரு வாரமாவது காய்ந்த பிறகே படகை நீரில் இறக்கலாம்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து மூலையில் எறிவதால் விளையும் தீயைப் பலர் அறிவதில்லை. எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். குவியலின் நடுவே அவ்வெப்பம் தேங்கி, எவரும் கொளுத்தாமலே துணி பற்றிக்கொள்ளும். துணியைக் கொடியில் தனித்தனியே விரித்துக் காயவிட வேண்டும். அல்லது நீர் நிரம்பிய வாளியில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.